மின்கட்டணப் பட்டியலைப் படிப்போம்

காவிரியின் சிவனசமுத்திர அருவியில் 1902-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் பிறந்த மின்சாரம் முதலில் பெங்களூருக்கு வரவில்லை. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அக்காலத்தில் உலகிலேயே மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று அது. வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடிப் போன தமிழர்கள் இறங்கி உழைத்த சுரங்கங்களில் அந்த மின்சாரம் இயந்திரங்களை ஓட்டியது. பெங்களூரின் தெருவிளக்குகள் எரிவதற்கு 1905 ஆகஸ்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திட்டத்துக்கு வித்திட்ட திவான் சேஷாத்ரி ஐயர், அது நிறைவேறுவதைப் பார்க்காமலே 1901-இல் மறைந்தார்.

இந்தப் பழங்கதையை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இந்த மண்ணில் மின்சாரம் வீட்டுக்கு வெளிச்சமாக வருவதற்கு முன்பே தொழிலின் செலவுக் கணக்கில் ஒரு வரியாக வந்துவிட்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வரியைக் கூர்ந்து பார்க்கும் பழக்கம் நம் சிறு தொழிலதிபர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது என் வருத்தம். மூலப்பொருளை வாங்கும்போது கிலோவுக்கு ஐம்பது காசு குறைக்க ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவர், மாதம் இரண்டு லட்சம் ரூபாய் மின்கட்டணத்தைக் கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கட்டுகிறார்.

பெங்களூரின் வடமேற்கே உள்ள பீன்யா தொழிற்பேட்டையை வாசகர்களில் பலர் அறிவர். அதன் அண்டையிலுள்ள ஜாலஹள்ளியில் 1953-இல் எச்.எம்.டி. தொழிற்சாலையும், அடுத்த ஆண்டு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் அமைந்தன. அவற்றில் கைத்தேர்ச்சி பெற்றவர்களும், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுத்தவர்களும் இந்த வட்டாரத்தில் பட்டறைகள் தொடங்கினர். 1970-களில் பீன்யா ஒரு தொழிற்பேட்டையாக உருப்பெற்றது. இன்று ஆயிரக்கணக்கான சிறு, குறு தொழிற்கூடங்கள் அங்கே இயங்குகின்றன: கடைசல், வெப்பப் பதப்படுத்தல், முலாம் பூச்சு, உலோகத் தகட்டு வேலை, பிளாஸ்டிக் வார்ப்பு, ஆயத்த ஆடை. உரிமையாளர்களிலும் தொழிலாளர்களிலும் தமிழ் பேசுவோர் ஏராளம். மின் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தத் தெருக்களில் பழக்கம் அதிகம்.

அங்கே ஒரு பட்டறை முதலாளி. தர்மபுரிப் பக்கத்திலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு முன்பு லேத் தொழிலாளியாக வந்தவர். இப்போது நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறார். ஒருநாள் என்னிடம், “சார், கரன்ட் பில் கட்டி முடிக்கறதுக்குள்ள மூச்சு முட்டுது. ரெண்டு பேரை நிறுத்திடலாமான்னு யோசிக்கிறேன்” என்றார்.

“யாரை நிறுத்தறதுங்கறதை அப்புறம் பார்ப்போம். மெஷின் எதுவும் ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை உள்ளே விடுங்க” என்றேன்.

ஞாயிறன்று எந்த இயந்திரமும் ஓடாத கூடத்தில் கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டு நின்றோம். வேலை நாளில் இரைச்சலில் மறைந்திருந்த ஒலி அப்போது கேட்டது. நாலா பக்கமும் பாம்பு சீறுவது போன்ற ஒலி. இணைப்புகளிலும், வெடித்த ரப்பர் குழாய்களிலும், சரியாக மூடாத வால்வுகளிலும் அழுத்தக் காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. கையில் ஒரு கடிகாரத்தை வைத்துக் கணக்குப் போட்டோம். காற்றை எவரும் பயன்படுத்தாதபோதும், குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டக் கம்ப்ரசர் 2 நிமிடம் சுமையேற்று ஓடியது. பின் 6 நிமிடம் சுமையின்றி ஓடியது. மொத்தம் 8 நிமிடத்தில் 2 நிமிடம், அதாவது கம்ப்ரசரின் கொள்ளளவில் கால் பங்கு கசிவுக்கே போகிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு வேறு கருவி எதுவும் வேண்டாம்.

அவருடையது 22 கிலோவாட் கம்ப்ரசர். கால் பங்கு என்றால் ஐந்தரை கிலோவாட். நாளைக்கு இரண்டு ஷிஃப்டு, மாதம் 25 நாள் என்றால் 400 மணி நேரம். ஏறத்தாழ 2,200 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15,400 ரூபாய். அவர் நிறுத்த நினைத்த இருவரில் ஒருவருடைய மாதச் சம்பளம் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அழுத்தக் காற்றைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் சிறு தொழிற்கூடங்களில் மிக அதிகமாக வீணாவது இதுவே. காற்று இலவசம் என்ற எண்ணம் எல்லோர் மனத்திலும் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில், கம்ப்ரசருக்குள் போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாக வெளியேறிவிடுகிறது. கருவியின் முனையில் பயனுள்ள வேலையாக மாறுவது பத்தில் ஒரு பங்கு அளவே. ஆகவே கூடத்தில் கிடைக்கும் ஆற்றல்களிலேயே விலை கூடியது அதுதான். அதைக் கொண்டு தரையைப் பெருக்குகிறோம்; மாலையில் சட்டைத் தூசியைத் தட்டிக்கொள்கிறோம். பின்னது உயிருக்கும் ஆபத்து என்பதை எத்தனை முறை சொன்னாலும் தொழிலாளர்கள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு அதையே செய்கிறார்கள்.

7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று சுமார் 3 கிலோவாட் மின்சாரத்தை விழுங்கும். துளையின் விட்டம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். தேவைக்கு மேல் அழுத்தம் வைத்து ஓட்டுவதும் அப்படியே. 8 பாரிலிருந்து 7 பாருக்கு இறக்கினால் கம்ப்ரசரின் மின்செலவில் 6 முதல் 7 விழுக்காடு வரை குறையும். ஆனால் பட்டறையில் என்ன நடக்கிறது? கசிவினால் கடைசி இயந்திரத்துக்குக் காற்று போதவில்லை என்றதும் ஃபோர்மன் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறார். அழுத்தம் ஏறியதும் கசிவும் கூடுகிறது. சில ஆண்டுகளில், “கம்ப்ரசர் போதவில்லை, பெரிதாக ஒன்று வாங்க வேண்டும்” என்று வங்கிக்குக் கடன் விண்ணப்பம் போகிறது. இப்படி வாங்கப்பட்ட கம்ப்ரசர்கள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். கசிவை அடைத்திருந்தால் பழையதே போதியிருக்கும்.

கம்ப்ரசரை எங்கே வைக்கிறோம் என்பதும் பொருட்படுத்த வேண்டிய விஷயம். இடநெருக்கடி உள்ள கூடங்களில் அதை ஒரு மூலையில், சில சமயம் உலைக்குப் பக்கத்திலேயே அடைத்துவிடுகிறார்கள். உள்ளிழுக்கும் காற்று 4 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால் செலவு ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடும். சுவரில் ஒரு துளையிட்டு வெளிக்காற்றைக் கொண்டுவந்தால் போதும்.

இனி மின்கட்டணப் பட்டியலுக்கு வருவோம். பெஸ்காம் தரும் உயர் அழுத்த இணைப்புப் பட்டியலில் யூனிட் கணக்கைத் தவிர வேறு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, உச்சத் தேவை. கேவிஏ என்ற அலகில் இருக்கும். மற்றது, பவர் ஃபாக்டர். இவை இரண்டும் என்னவென்று நான் கேட்ட முதலாளிகளில் பாதிப்பேர், “அது எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும்” என்றார்கள். எலெக்ட்ரீஷியனைக் கேட்டால், பில் ஆபீஸ் அறையில் இருக்கிறது, தன் கண்ணில் படுவதே இல்லை என்கிறார்.

உச்சத் தேவை என்பது மாதம் முழுவதும் எந்த ஒரு கால்மணி அல்லது அரைமணி நேரத்தில் நம் கூடம் மிகுதியாக மின்சாரம் இழுத்ததோ அந்த நேரத்தின் சராசரி. அந்த ஒரு சிறு பொழுது மாதம் முழுவதற்குமான நிலைக்கட்டணத்தைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தம் செய்துகொண்ட அளவைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு இருமடங்குக் கட்டணம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உலை, கம்ப்ரசர், இயந்திரங்கள், குளிர்விப்பான் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடும் கூடத்தில் உச்சம் அப்போதுதான் வரும். உலையை எட்டு மணிக்கே சூடேற்றத் தொடங்கி, மற்றவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் காசு செலவில்லாமல் உச்சம் குறையும். மோட்டார் கிளம்பும் கணத்தில் பாயும் மின்னோட்டம்தான் உச்சத்தை ஏற்றிவிடுகிறது என்று எலெக்ட்ரீஷியன்கள் பலர் நம்புகிறார்கள். அது சில நொடிகளே நீடிக்கும்; கால்மணி நேரச் சராசரியில் கரைந்துவிடும். ஒரே நேரத்தில் நீடித்து ஓடும் சுமைதான் கணக்கில் ஏறுகிறது.

பவர் ஃபாக்டரைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். 80 கிலோவாட் வேலை வாங்கும் கூடத்தில் அது 0.80 ஆக இருந்தால், மின்வாரியத்தின் கம்பியிலிருந்து 100 கேவிஏ இழுக்க வேண்டியிருக்கும். 0.98-க்கு உயர்த்தினால் சுமார் 82 கேவிஏ போதும். வேலை அதேதான், கட்டணத்தில் 18 கேவிஏ மிச்சம். கேவிஏ ஒன்றுக்கு மாதம் 300 ரூபாய் என்று எடுத்துக்கொண்டாலும் 5,400 ரூபாய். இதற்கு வேண்டியது 45 கேவிஏஆர் அளவில் கெபாசிட்டர்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிஎன்சி இயந்திரங்களும் வேகக் கட்டுப்பாட்டு டிரைவ்களும் நிறைந்த கூடத்தில் சாதாரணக் கெபாசிட்டர்கள் சீக்கிரம் உப்பிக் கெட்டுவிடும். அங்கே ரியாக்டருடன் சேர்ந்த தொகுதி தேவை. மேலும், உச்சம் குறைந்த பிறகு ஒப்பந்த அளவையும் குறைக்கச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். ஏனென்றால் நாம் இழுக்காவிட்டாலும் ஒப்பந்த அளவின் பெரும்பகுதிக்குக் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும்.

மோட்டார்களைப் பற்றி ஒரு கணக்கு. 15 கிலோவாட் மோட்டாரில் பழைய ஐஇ1 வகையின் திறன் 88.7 விழுக்காடு, ஐஇ3 வகையின் திறன் 92.1 விழுக்காடு. வேறுபாடு அற்பமாகத் தோன்றும். முழுச் சுமையில் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓடினால் அந்த அற்பம் ஏறத்தாழ 2,500 யூனிட், 17,500 ரூபாய். எரிந்துபோன பழைய மோட்டாரை மூன்றாம் முறை, நான்காம் முறை காயில் கட்டி ஓட்டுவதில் நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. பொருளை வீணாக்காத நம் குணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கவனமின்றிக் காயில் கட்டும் ஒவ்வொரு முறையும் திறன் சிறிது குறைகிறது என்பதையும் அந்தக் குணம் கணக்கில் கொள்ள வேண்டும். நாள் முழுதும் ஓடும் மோட்டார் எரிந்தால் புதிது வாங்குங்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஓடுவதைக் காயில் கட்டிக்கொள்ளுங்கள்.

மின்விசிறிக்கும் நீரேற்றிக்கும் வேறொரு விதி. அவற்றின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்தேவை ஏறத்தாழ பாதியாகும். முழு வேகத்தில் பம்பை ஓட்டிக்கொண்டே வால்வைப் பாதி மூடி வைப்பது, ஆக்சிலேட்டரை மிதித்தபடி பிரேக்கைப் பிடிப்பதற்குச் சமம். எல்இடி விளக்குகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதை எல்லோரும் செய்துவிட்டார்கள், கூடத்தின் மொத்தச் செலவில் விளக்கின் பங்கும் சிறியது.

கட்டண உயர்வைப் பற்றிப் பேசாமல் இதெல்லாம் பேசலாமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. 2023 ஜூனில் கட்டண உயர்வை எதிர்த்து, ஹூப்பள்ளியில் உள்ள கர்நாடகத் தொழில் வணிகச் சபையின் அழைப்பை ஏற்று மாநிலத்தின் பல பகுதிகளில் ஒருநாள் கதவடைப்பு நடந்தது. அதே ஆண்டு பருவமழை பொய்த்து மின் பற்றாக்குறை வந்தது. ஜெனரேட்டர் ஓட்டியவர்களுக்கு அதன் வலி தெரியும்: லிட்டர் டீசலுக்கு மூன்று, மூன்றரை யூனிட்தான் கிடைக்கும், லிட்டர் 90 ரூபாய் என்றால் ஒரு யூனிட் 25 ரூபாய்க்கு மேல். சிறு தொழில்கள் கட்டணத்துக்கு எதிராக ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் வாதாட வேண்டும் என்பதில் எனக்கு இரு கருத்து இல்லை. ஆனால் அந்த வாதம் முடிய ஆண்டுகள் ஆகும். தீர்ப்பு நம் கையில் இல்லை. கசியும் குழாயை அடைக்க ஆணையத்தின் உத்தரவு தேவையில்லை.

அரசின் கவனம் நெடுங்காலம் பெரிய ஆலைகள் மேல்தான் இருந்தது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002-இல் எரிசக்தித் திறன் ஆணையம் அமைந்தது. 2012-இல் சிமென்ட், உருக்கு, அலுமினியம், உரம் உள்ளிட்ட எட்டுத் துறைகளில் 478 ஆலைகளுக்கு இலக்கு நிர்ணயித்தார்கள். மூன்று ஆண்டில் அவை இலக்கை மிஞ்சி, 86 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட எண்ணெய்க்கு ஈடான எரிசக்தியைச் சேமித்தன. கட்டாயமும் கணக்கெடுப்பும் இருந்ததால் அது நடந்தது. பீன்யாவின் பட்டறைக்குக் கட்டாயமும் இல்லை. கணக்கெடுக்க ஒரு பொறியாளரை வைத்துக்கொள்ள வசதியும் இல்லை. 2025 ஜூலையில் சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக ‘அதீதி’ என்ற திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. எரிசக்தியைச் சேமிக்கும் இயந்திரங்களுக்கு வாங்கும் கடனில் குறு, சிறு தொழில்களுக்கு 5 விழுக்காடும், நடுத்தரத் தொழில்களுக்கு 3 விழுக்காடும் வட்டி மானியம். 14 துறைகளுக்கு இது பொருந்தும். உங்கள் தொழிலும் ஊரும் அதில் வருகின்றனவா என்பதை உங்கள் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கியின் இதழிலேயே வங்கிகளைப் பற்றி ஒரு சொல் சொல்ல ஆசிரியர் இடம் தருவார் என நம்புகிறேன். ஐம்பது லட்சம் ரூபாய் சிஎன்சி இயந்திரத்துக்குக் கடன் கிடைப்பது எளிது. அதை அடமானமாகக் காட்ட முடியும். மூன்று லட்சம் ரூபாய்க்கு மோட்டார்களும் கெபாசிட்டர்களும் குழாய்களும் மாற்றக் கடன் கேட்டால் அதே அளவு காகிதங்கள், அதே அளவு நாட்கள். ஈட்டுப் பொருள் எது என்ற கேள்வி வேறு. ஆனால் அந்த மூன்று லட்சம் இரண்டாண்டுக்குள் மின்கட்டணத்திலேயே திரும்பி வரக்கூடியது. தொழில்கடன் பரிசீலிக்கும் அலுவலர் இருப்புநிலைக் குறிப்போடு பன்னிரண்டு மாத மின்கட்டணப் பட்டியலையும் கேட்டு வாங்கலாம். உற்பத்தி ஏறாமல் யூனிட் ஏறியிருந்தால், அந்தத் தொழிலின் உடல்நிலையைப் பற்றி அது வேறெந்தத் தாளையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

சூரிய மின்தகடு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். நல்லது; பெங்களூரில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவில் தரும். தொழிலகங்களுக்குப் பகல் நேரச் சூரிய மின்சாரத்தை மலிவாகவும் உச்ச நேரத்தை விலை கூட்டியும் கணக்கிடும் நேரவாரிக் கட்டணத்தை மத்திய அரசு 2023-இல் விதிகளில் சேர்த்திருப்பதால், எப்போது ஓட்டுகிறோம் என்பதும் இனி முக்கியமாகும். ஆனால் கசியும் பானைக்கு இன்னொரு கிணறு வெட்டுவதில் என்ன பயன்? முதலில் வீணாவதை நிறுத்திவிட்டால், மாடியில் வைக்க வேண்டிய தகடும் குறையும், கடனும் குறையும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அதற்கு என்னிடம் விடை இல்லை. பீன்யாவின் கூடங்கள் பல வாடகைக்கு விடப்பட்டவை. கூரை ஒருவருடையது, மின்கட்டணம் கட்டுபவர் இன்னொருவர். தகடு வைக்கவும், சுவரில் துளையிடவும், மின்கம்பிகளை மாற்றவும் உரிமையாளருக்கு அக்கறை இல்லை. வாடகைதாரருக்கு உரிமை இல்லை. பதினோரு மாத ஒப்பந்தத்தை நம்பி ஐந்தாண்டுக் கடன் வாங்க எவர் துணிவார்?

தர்மபுரிக்காரரின் பட்டறையிலும் இதுதான் நிலை. குழாய்களையும் இணைப்புகளையும் மாற்றினார். செலவு இருபதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அழுத்தத்தை ஒரு பார் இறக்கினோம். ஃபோர்மன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வேலை நிற்கவில்லை என்று கண்டு சமாதானமானார். நிறுத்துவதாக இருந்த இருவரும் வேலையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சனிக்கிழமை மாலை சோப்புத் தண்ணீர் வாளியோடு குழாய் இணைப்புகளைச் சுற்றி வருகிறார். குமிழி எழும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போடுகிறார். கம்ப்ரசர் மட்டும் இன்னும் அந்த வெக்கை மூலையிலேயே இருக்கிறது. சுவரில் ஓர் அடித் துளை போட இடத்துக்காரரின் சம்மதம் கேட்டு மூன்று மாதமாகிறது.